ஃபார்மேட் போடும் முன் கெர்னல் சொல்வதைப் படியுங்கள்

"இந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் செட் ஆகாதும்மா. டிஸ்கையே காட்ட மாட்டேங்குது. வேற எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாத்தான் உண்டு."

போன வாரம் என் சித்தப்பா மகளுக்கு ஒரு கடையில் கிடைத்த பதில் இது. கல்லூரி லேப் வேலைக்கு லினக்ஸ் வேண்டும் என்று டெபியன் என்ற லினக்ஸ் வகையின் லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடியது) போட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாம் சரியாக வந்து, எந்த டிஸ்கில் நிறுவலாம் என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. அதே லேப்டாப்பில் விண்டோஸ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ராத்திரி போன் செய்தாள். "அண்ணா, எஸ்எஸ்டி வாங்கிடட்டுமா?"

வேண்டாம், பென்டிரைவிலேயே பூட் செய்து, டெர்மினலைத் திறந்து டிமெசேஜ் (dmesg) என்ற, கெர்னல் பதிவைக் காட்டும் கட்டளையை ஓட்டு, ஏஹெச்சிஐ (ahci) என்று வரும் வரிகளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். ஐந்து நிமிடத்தில் போட்டோ வந்தது. நடு வரியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே சொல்லியிருக்கிறது: ரீமேப் செய்யப்பட்ட (வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்ட) என்விஎம்இ சாதனம் (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸில் ரெய்ட் முறையை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றுங்கள். நோய் என்ன, மருந்து என்ன, இரண்டும் அங்கேயே எழுதியிருந்தது. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். ரெய்ட், ஏஹெச்சிஐ இரண்டும் டிஸ்க் கன்ட்ரோலர் வேலை செய்யும் முறைகள். இன்டெலின் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் மேலாண்மை வசதி ரெய்ட் முறையில் இருக்கும்போது என்விஎம்இ டிஸ்க் நேராக வெளியே தெரியாது. சாட்டா கன்ட்ரோலரின் (டிஸ்குகளை இணைக்கும் சிப்பின்) முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் இன்டெல் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். அந்த மறைப்பை விலக்கும் பேட்ச்களை (திருத்தங்களை) லினக்ஸுக்கும் எழுதினார்கள், ஆனால் மையக் கெர்னல் அவற்றை ஏற்கவில்லை. 2016-இல் லெனோவோவின் யோகா 900 மடிக்கணினியில் இதே சிக்கல் பெரிய சண்டையாகவே வெடித்தது. அதன் பயாஸில் ஏஹெச்சிஐ என்ற தேர்வே கிடையாது. பயனர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் லினக்ஸுக்கென்று தனி பயாஸ் வந்தது.

மாற்றுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. எடுத்த எடுப்பில் பயாஸில் கை வைத்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று சொல்லும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முதலில் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் விண்டோஸின் பூட் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் (msconfig) சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்து, நேராக பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது ஏஹெச்சிஐ டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிட்டால் போதும். தங்கை தனியாகவே செய்து முடித்தாள். ஒரு ரூபாய் செலவில்லை.

(11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் விஎம்டி என்று வேறு பெயரில் இது வருகிறது. அதற்கு லினக்ஸில் டிரைவர் உண்டு. விண்டோஸை நிறுவப் போனால்தான் பல நேரம் டிஸ்க் காணாமல் போகிறது, டிரைவரைத் தனியாக ஏற்றச் சொல்கிறது. "லினக்ஸுக்கு மட்டும்தான் இந்தத் தலைவலி" என்பவர்கள் கவனிக்கவும்.)

இதற்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், படிக்காமல் கை வைத்ததன் விலை எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கணினி அடிக்கடி உறைந்து நின்றது. ஃபைல் சிஸ்டம் பிழை என்று திரையில் வந்தது. ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையைப் போனிலேயே நான்தான் சொன்னேன்: "எஃப்எஸ்சிகே ஓட்டு, எல்லாத்துக்கும் எஸ் குடு." ஓட்டினார். மூன்று கல்யாணங்களின் படங்கள் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் பெயரில்லாமல் வெறும் எண்களாகக் கிடந்தன. பாதி திறக்கவே இல்லை. மறுநாள் நேரில் போய்க் கெர்னல் பதிவை எடுத்துப் பார்த்தேன். வரிசையாக ஒரே புலம்பல்: படிக்கும் கட்டளை தோற்றது, லிங்கை ரீசெட் செய்கிறேன், வேகத்தை நொடிக்கு 6 ஜிகாபிட்டிலிருந்து 3 ஜிகாபிட்டுக்குக் குறைக்கிறேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை (கேபிள் வழியே தரவு சிதைந்து வருவது) எண்ணிக்கை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. சாட்டா கேபிள் தளர்ந்திருந்தது. கேபிளை மாற்றிய பிறகு அதே டிஸ்க் இன்றுவரை ஓடுகிறது. அந்தப் படங்கள் மட்டும் திரும்ப வரவில்லை.

டிஸ்குக்குப் போகும் பாதை கெட்டிருக்கும்போது எஃப்எஸ்சிகே ஓட்டுவது, அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துப் பத்திரத்தைத் திருத்தி எழுதுவது போல. தவறாகப் படித்ததை உண்மை என்று நம்பி டிஸ்கிலேயே எழுதிவிடும். முதலில் கேபிளைப் பாருங்கள். அப்புறம் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு டிஸ்கை முழுதாக இன்னொன்றில் நகல் எடுங்கள். பழுது பார்ப்பதை அந்த நகலின் மேல் செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

டிஸ்கா, கேபிளா, கன்ட்ரோலரா என்று பிரித்தறிவது நினைப்பதைவிட எளிது. பிழை வரியில் யுஎன்சி (UNC, திருத்த முடியாத பிழை) என்று வந்து, ஸ்மார்ட்டில் கெட்ட இடங்களைக் கணக்கிடும் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் ஏறினால் டிஸ்கின் உள்ளேயே பழுது; உடனே பேக்கப் எடுக்க வேண்டும். சிஆர்சி என்று வந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது சாக்கெட். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்குகள் சேர்ந்து விழுந்தால் டிஸ்குகளை விட்டுவிட்டு கன்ட்ரோலரையும் பவர் சப்ளையையும் சந்தேகப்படுங்கள். 2011 ஜனவரியில் இன்டெலே தன் 6-ஆம் வரிசை சிப்செட்டில் சாட்டா பழுது இருப்பதாக ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றது. வேகமான இரண்டு போர்ட்டுகள் நன்றாக இருக்க, மற்ற போர்ட்டுகள் நாளாக நாளாகத் தளரும் குறை அது. அன்றைக்கு எத்தனை பேர் டிஸ்கைக் குற்றம் சொல்லி மாற்றியிருப்பார்கள்!

கெர்னல் பக்கமே தப்பு இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். 2015-இல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் ஃபைல்களுக்கு நடுவே தரவு அழிந்து பூஜ்ஜியங்களாகக் கிடந்தது. சாம்சங் எஸ்எஸ்டிகள்தான் காரணம் என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். சில வாரங்களில் சாம்சங் பொறியாளர்களே உண்மையைக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் மென்பொருள் ரெய்ட் (பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் வசதி), டிரிம் கட்டளையை (வேண்டாத இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்வது) கையாளும் இடத்தில் பிழை இருந்தது. திருத்தத்தையும் அவர்களே அனுப்பிவைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மூலக் குறியீட்டைத் திறந்து படித்து, "பிழை இந்த இடத்தில்" என்று காட்ட முடிந்தது பாருங்கள், நான் இந்த இயங்குதளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

மதர்போர்டு மாற்றிய பிறகு பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் நிற்பது இன்னொரு வகை. ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொல்லும். டிஸ்க் இருக்கிறது, பழைய கன்ட்ரோலருக்கான டிரைவரை மட்டும் வைத்து இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது ஏற்றும் சிறு கோப்புத் தொகுப்பு) தயாராகியிருக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் இது அதிகம். பூட் மெனுவில் ரெஸ்க்யூ என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதன் வழியாக உள்ளே போய் டிராகட் (dracut) கட்டளையால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கினால் முடிந்தது. இதற்குப் போய் முழு சிஸ்டத்தையும் அழித்து நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே டிரைவர் இல்லாத நிலையும் வரும். அதில் எனக்குக் கோபம் உண்டு. எஸ்ஏஎஸ்2008 (SAS2008) சிப் வைத்த டிஸ்க் கன்ட்ரோலர் கார்டுகள் பழைய சர்வர்களில் இன்றும் நன்றாக உழைக்கின்றன. சர்வர்களுக்கான ரெட் ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் அவற்றுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் கார்டை ஒரு பட்டியலிலிருந்து எண்ணை நீக்கிக் குப்பையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரெட் ஹேட்டோடு ஒத்துப்போகும் இலவச அல்மாலினக்ஸின் 9.4 பதிப்பில், இப்படி நீக்கப்பட்ட பல கன்ட்ரோலர்களுக்கு ஆதரவை மீண்டும் சேர்த்தார்கள். இஎல்ரெப்போ (ELRepo) என்ற மென்பொருள் களஞ்சியத்தில் தனி டிரைவர்களும் கிடைக்கின்றன. சின்ன ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ கையிருப்பு சர்வரை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இவர்கள் செய்திருப்பது பெரிய உதவி.

உங்கள் கன்ட்ரோலர் எது என்று தெரிய எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை போதும். என்என்கே என்ற மூன்று எழுத்துகளை அதோடு சேர்த்து (lspci -nnk) ஓட்டினால், சாதனத்தின் எண்ணும் அதை இப்போது எந்த டிரைவர் கையாள்கிறது என்பதும் ஒன்றாக வரும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1000 என்றால் எல்எஸ்ஐ (எஸ்ஏஎஸ்2008 போன்ற சிப்களைச் செய்த நிறுவனம்). டிரைவர் வரியே இல்லை என்றால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் உங்களைப் போலவே மாட்டிக்கொண்டு வெளியே வந்த யாராவது ஒருவர் கிடைப்பார்.

யாருக்காவது டிஸ்க் தெரியவில்லை, உறைகிறது, பூட் ஆகவில்லை என்றால் கீழே எழுதுங்கள். "எர்ரர் வருது" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டிமெசேஜ் திரை, எல்எஸ்பிசிஐ திரை, ஸ்மார்ட் பட்டியல், மூன்றையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதுவரை ஃபார்மேட் பட்டனை யாரையும் தொட விடாதீர்கள்.