ஏக்கருக்கு 5 ரூபாய்

(கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய என்ஜினீயரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டில் பிறந்தவர்தான் நம் பென்னிகுயிக், இருபோக நெல் விவசாயி. மனைவி செல்வி. தேக்கடியும் மூணாறும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாகி, பை எடுத்து வைக்கிறார்கள்.)

செல்வி: மாமா, ஊருக்குப் போக ஒரு பை கேட்டால் இதையா கொடுப்பீர்கள்? 'குருத்துப் பூச்சிக்கு ஒரே அடி' என்று முதுகு பூராவும் எழுதியிருக்கிறது.

பென்னி: மருந்துக் கம்பெனிக்காரன் கூட்டத்தில் சும்மா கொடுத்தது. குமுளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாய்தானே, புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு, துவைத்தும் துவைக்காமலும் ஒரு சட்டையோடு உலகத்தையே சுற்றி வந்துவிடுகிறார்கள். நாமும் அதே மாதிரிதான், செலவு கம்மி.

செல்வி: அவர்கள் முதுகில் பூச்சி மருந்து விளம்பரம் இருக்காது.

பென்னி: இருந்தால் நல்லது. காட்டில் அட்டை கூடக் கிட்ட வராது.

செல்வி: சரி, எப்படிப் போகிறோம்?

பென்னி: லோயர் கேம்ப் வரை டவுன் பஸ். உனக்கு மகளிர் இலவசம், எனக்கு மட்டும்தான் டிக்கெட். அங்கிருந்து மலைப்பாதையில் பேசிக்கொண்டே நடந்தால் குமுளி.

செல்வி: கல்யாணத்துக்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போன காலத்தில், விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து ஏறின மலை அது. வேலைக்குப் போனபோதே என்னை யாரும் நடக்க விடவில்லை மாமா, நீங்கள் சுற்றுலா என்று சொல்லி நடக்க வைக்கப் பார்க்கிறீர்கள்.

(குமுளி பஸ்ஸிலேயே ஏறுகிறார்கள். பென்னிக்கு ஜன்னலோரம். லோயர் கேம்ப் வந்ததும் மலை மேலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிகின்றன.)

பென்னி: பார் செல்வி, அந்தக் குழாயைப் பார். தேக்கடித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, இதில் இறங்கி, கரண்டு எடுத்தது போக வைரவனாற்றில் விழுந்து அப்புறம் நம் வயலுக்கு வருகிறது.

செல்வி: இதைத்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் சொன்னீர்கள். எனக்குக் குழாய் வேண்டாம், ஜன்னலோரத்தைக் கொடுங்கள், மேகம் பார்க்க வேண்டும்.

பென்னி: மேகத்தில் என்ன இருக்கிறது? இரு, இருக்கிறது. கறுத்துப்போய்த்தான் இருக்கிறது. இது மட்டும் நீர்ப்பிடிப்புப் பக்கம் போய் விழுந்தால் நாளைக்கே அணையில் ஒரு அடி கூடிவிடும்.

(தமிழ்நாட்டுப் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கேரளா. லாட்ஜில் அறை எடுத்துப் பையை வைத்தாயிற்று.)

செல்வி: ஆதாரை வாங்கிக்கொண்டு லாட்ஜ்காரர் எதற்கு உங்களையே அவ்வளவு நேரம் பார்த்தார்?

பென்னி: பெயரைப் படித்துவிட்டார். புது அணை கட்ட வந்தீர்களா என்று கேட்டார், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். இல்லை, வாடகை பேச வந்தேன் என்றேன்.

செல்வி: பேசினீர்களா?

பென்னி: விடுவேனா? 1886-ல் இதே மலையில் திருவிதாங்கூர் சமஸ்தானம் அணைக்காக 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் என்று 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தது. அதைக் கூட்டியதே 1970-ல்தான், அப்போதும் 30 ரூபாய். ஏக்கருக்கு வருஷம் 30 என்றால் பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு ராத்திரிக்கு என்ன வரும், நீங்களே கணக்குப் போடுங்கள் என்று சொன்னேன். போனை எடுத்துப் போட்டே பார்த்துவிட்டார். ஒரு பைசாகூட வரவில்லை.

செல்வி: அதற்கு என்ன சொன்னார்?

பென்னி: அந்த விலைக்கு எடுத்த இடமெல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அங்கே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

செல்வி: அப்புறம்?

பென்னி: அப்புறம் என்ன, கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டேன்.

(மறுநாள் காலை, தேக்கடி.)

பென்னி: உள்ளே நுழைய ஒரு டிக்கெட், படகுத்துறை வரை கூட்டிப்போகிற பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட், படகுக்கு ஒரு டிக்கெட். நம் தண்ணீரைப் பார்க்க நாமே மூன்று இடத்தில் காசு கொடுக்க வேண்டுமாம். நான் வரப்பில் உட்கார்ந்து இதே தண்ணீரைக் காலங்காலமாகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி: உங்கள் வரப்பில் படகு வராது. காசு என் சிறுவாட்டிலிருந்து போகிறது, நீங்கள் வாயை மூடிக்கொண்டு அந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

(படகில். கரை நெடுகக் காடு. ஏரிக்கு நடுவில் பட்ட மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, தேக்கடிப் படம் எடுத்தவர்கள் யாரும் இவற்றை விட்டதில்லை.)

செல்வி: மாமா, அந்த மரத்தைப் பாருங்களேன், உச்சியில் ஒரு நீர்க்காகம் சிறகைக் காயப்போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது!

பென்னி: 1895-ல் அணையில் தண்ணீர் தேங்கியபோது மூழ்கின காட்டு மரம். ஆனால் இவ்வளவு உயரத்துக்கு வெளியே தெரிகிறதே, அப்படியானால் 125 கூடத் தேறாதோ?

செல்வி: எது?

பென்னி: நீர்மட்டம். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. அதெல்லாம் சரி, இவர்கள் எப்போது அணைக்குத் திருப்புவார்கள்?

செல்வி: அணைக்கெல்லாம் படகு போகாதாம், ஏறும்போதே சொன்னார்கள். அதோ, அதோ! யானை! பக்கத்தில் குட்டி!

பென்னி: எங்கே? ஆமாம். குடிக்கிறது பார்.

செல்வி: எவ்வளவு அழகாகத் தும்பிக்கையை...

பென்னி: ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். அத்தனையும் நம் முதல்போகத் தண்ணீர்.

(செல்வி திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். அடுத்து வந்த கடமான் கூட்டத்தை அவள் அவருக்குக் காட்டவே இல்லை. மத்தியானம் மூணாறு பஸ். நெடுங்கண்டம், பூப்பாறை என்று வளைந்து வளைந்து மலையேறி, இருட்டும் நேரத்துக்கு இறங்குகிறார்கள்.)

செல்வி: முதுகு கழன்றுவிட்டது. இன்றைக்கு ராத்திரி எங்கே?

பென்னி: பஸ்ஸில்.

செல்வி: இப்போதுதானே இறங்கினோம்?

பென்னி: இது வேற பஸ், ஓடாது. கேரள அரசு பஸ் டெப்போவில் பழைய பஸ்ஸுக்குள் மேலும் கீழும் படுக்கை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 2020-ல் ஆரம்பித்தபோது ஆளுக்கு 100 ரூபாய்தான், இப்போது கூட்டிவிட்டார்கள், ஆனாலும் இந்த ஊரில் இதைவிட மலிவாக எங்கே படுக்க முடியும்?

(நடுராத்திரி.)

பென்னி: செல்வி, தூங்கிவிட்டாயா? எதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

செல்வி: கீழே ஒருத்தர் விட்ட குறட்டையில் வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

(காலையில் மாட்டுப்பட்டி. சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் அணை தேக்கிய ஏரி, விசைப்படகுச் சத்தம். பென்னி வந்ததிலிருந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்விக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.)

பென்னி: இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

செல்வி: பள்ளிவாசல் மின்நிலையத்துக்கு என்று டீக்கடை அக்கா சொன்னார். எஸ்டேட்காரர், நம் ஊர்த் தமிழ்தான்.

பென்னி: அதற்கப்புறம்?

செல்வி: மேற்கே போய்க் கடலில் சேர்கிறதாம்.

பென்னி: நம் பக்கம் ஒரு சொட்டு கூட வராதா?

செல்வி: வராது.

பென்னி: சம்பந்தமே இல்லாத தண்ணீருக்கு நாம் எதற்குக் காசு கொடுத்துப் படகில் போக வேண்டும்?

செல்வி: நேற்று, நம் தண்ணீருக்கு எதற்குக் காசு என்றீர்கள்.

பென்னி: அது வேற கணக்கு, இது வேற கணக்கு.

(செல்வி பதில் சொல்லாமல் பர்ஸை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய், கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுச் சட்டையோடு திரும்பி வருகிறாள்.)

பென்னி: என்ன, போட்டே விட்டாயா? மொத்தப் படகுக்கும் காசு கட்டினாயா?

செல்வி: அவ்வளவு கூறு இல்லாதவளா நான்? ஐந்து பேர் போகிற படகுக்கு மதுரைக்காரக் குடும்பம் ஒன்று நாலு பேராக நின்றது. ஒரு ஆள் பங்கைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டேன். செலவு கம்மி.

பென்னி: அப்போ நான்?

செல்வி: கரையிலிருந்து எத்தனை அடி என்று பார்த்து வையுங்கள், வந்து கேட்டுக்கொள்கிறேன். பையைப் பிடியுங்கள்.