எங்கள் வேலையை வேலை என்று சொல்லுங்கள்

அந்த ஜூன் 26 போதை ஒழிப்பு தின நிகழ்ச்சி வீடியோவை தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். அதே மேடையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். நானும் குடித்துத் திருந்தியவன்தான், இப்போது ஒரு குடிநோய் மீட்பு மையத்தில் நோயாளிகளுக்குச் சக ஆலோசகராக வேலை பார்க்கிறேன். "குடித்துத் திருந்தியவர்கள் எல்லாம் கவுன்சலிங் கொடுக்கலாம் என்றால் நாங்கள் எதற்கு இத்தனை வருஷம் படித்தோம்?" என்று மேடையில் இருந்த டாக்டர் ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்ததை நேரிலேயே பார்த்தேன். கைதட்டியவர்களில் எங்களோடு தினமும் டீ குடிக்கிறவர்களும் இருந்தார்கள். டாக்டர் சொன்னதைவிட அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

"சார் தமாஷாகச் சொன்னார், பெரிசு பண்ணாதீங்க" என்று நாலைந்து பேர் இன்பாக்ஸில் வந்தீர்கள். தமாஷ் என்றே இருக்கட்டும். அதே நினைப்புதான் எங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. கேஸ் மீட்டிங்கில் எங்களுக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் பெரிசு பண்ணத்தான் போகிறேன்.

நான் டாக்டர் வேலை பார்க்கவில்லை. மருந்து எழுதுவதில்லை, நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. டாக்டர் வீட்டுக்குப் போன பிறகும், டாக்டர் வர முடியாத இடத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பார்க்கிறேன். அதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன், அதற்கு என் மேல் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். இது வேலை.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில்தான் சிலருக்கு உடம்பு பயங்கரமாகத் திரும்பும். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, வார்டில் ஒரு லாரி டிரைவர். சாயங்காலம் வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். டீ கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ லுங்கியில். அது எல்லாருக்கும் வருகிற நடுக்கம்தான். ராத்திரி பதினொரு மணிக்குமேல் பார்த்தால், பெட்ஷீட்டில் இருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறார். "எறும்பு அண்ணே, எவ்வளவு எறும்பு பாருங்க." ஒரு எறும்பும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் வராமல் ஏதோ செய்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அந்த எறும்பைத் தெரியும். நானும் ஒரு காலத்தில் பொறுக்கியிருக்கிறேன். ஓடிப்போய் நர்ஸை எழுப்பினேன், டியூட்டி டாக்டர் வந்தார், ஊசி போட்டார், தயமின் என்கிற வைட்டமின் ஏற்றினார்கள். அவரைக் காப்பாற்றியது மருந்துதான். இதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. அந்த மருந்து நேரத்துக்கு அவரிடம் போய்ச் சேர்ந்ததில் என் பங்கு இருக்கிறது. அந்தப் பங்குக்குப் பெயர் என்ன? வேலை.

இன்னொன்று. பார்வையாளர் நேரத்தில் மச்சான் ஒருத்தர் பாசமாக ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் கொண்டுவருவார். மூடியின் கீழே இருக்கும் வளையம் ஏற்கெனவே அறுந்திருக்கும். கலர் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். படித்து வந்த எங்கள் மையத்துப் பெண் கவுன்சலர், நல்ல பெண், அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் படிப்பில் குறை இல்லை. இது படிப்பில் வருகிற விஷயம் இல்லை, அவ்வளவுதான். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு சம்பள நாள், கல்யாண வீடு, சாவு வீடு, தீபாவளிக்கு முந்தின நாள், இதெல்லாம் எப்படி இழுக்கும் என்று படித்து வந்த கவுன்சலர்களுக்குச் சொல்லித் தருவதே நாங்கள்தான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். என் போன் பதினொன்றரையிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணே, கால் தானா போகுது." பேசிக்கொண்டே இருப்பேன், வண்டியைத் திருப்பும் வரைக்கும்.

படிப்பைப் பற்றிப் பேசிய டாக்டருக்கு ஒரு டாக்டர் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், ஆக்ரன் நகரம், 1935. பாப் ஸ்மித் என்று ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். குடியை விட முடியவில்லை. மருத்துவம் தெரியாதவரா அவர்? கல்லீரல் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஊருக்கு வியாபார விஷயமாக வந்து, காரியம் கெட்டு, ஓட்டலில் தனியாக நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். பங்குச் சந்தைக்காரர். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்குப் போன் போட்டார். அப்படித்தான் பாப் கிடைத்தார். மணிக்கணக்காகப் பேசினார்கள். நடுவில் பாப் ஒருமுறை சறுக்கினார். அதே ஆண்டு ஜூன் 10 அவர் குடித்த கடைசி நாள் என்கிறார்கள், அதையே ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) பிறந்த நாளாகவும் வைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டருக்கு அன்று மருந்தாக வந்தவர் பட்டம் வாங்கியவர் இல்லை, குடித்து எழுந்தவர்.

இதெல்லாம் பழங்கதை, ஆதாரம் எங்கே என்பார்கள். 2020ல் காக்ரேன் ஆய்வு மதிப்பீடு வந்திருக்கிறது, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற அமைப்பு அது. நோயாளியை முறைப்படி ஏ.ஏ. பக்கம் கொண்டுசேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற பல சிகிச்சைகளைவிட மேலாக இருக்கிறது என்று சொல்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999லேயே மனநலத் துறையில் எங்களைப் போன்றவர்களின் உழைப்புக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்து பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே மேடையில் சிரிக்கிறார்கள்.

"நாளைக்கு நீயே குடித்துவிட்டால்?" இதை வருஷத்துக்கு ஒருவராவது கேட்காமல் விட்டதில்லை. குடிக்கலாம். யாரும் சத்தியம் செய்ய முடியாது, அதனால்தான் இன்றைக்கு ஒரு நாள் என்று சொல்கிறோம். குடித்தால் அன்றே வேலையில் இருந்து விலகி, நோயாளியாக உள்ளே போவேன். சர்க்கரை இருக்கிற டாக்டர் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில்லையா? அவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் ஏன்?

"சில மையங்களில் பழைய குடிகாரர்களை வார்டனாக வைத்து நோயாளிகளை அடிக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மை. நடக்கிறது. கட்டிப்போட்டு அடித்த இடங்களில் இருந்து வந்தவர்களின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் பயிற்சி கொடு, மேற்பார்வை வை, சம்பளம் கொடு, வேலை என்று எழுதிக் கொடு என்கிறோம். சோறும் படுக்கையும் கொடுத்து, குடியை விட்டு ஒரு மாதம் ஆனவனின் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது யார்? மையத்து முதலாளி. அவர் செய்கிற தப்புக்கு எங்கள் எல்லாரையும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

சம்பளம் என்றதும் "இது சேவைதானே?" என்பார்கள். "உயிரோடு இருக்கீங்களே, அதுக்கு நன்றியா செய்யக்கூடாதா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். நன்றிக்கடனை என் மனைவிக்குத் தினமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மையத்துக்கு நான் கொடுப்பது உழைப்பு. ராத்திரி ஷிப்டுக்கு வாட்ச்மேனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக எனக்குக் கொடுத்துவிட்டு அதைச் சேவை என்று சொன்னால், சேவை செய்வது நான் ஒருவன் மட்டும்தான்.

என் மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பினாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மீட்புத் துணைவர், சக ஆலோசகர், எதை எழுதினாலும் யாராவது விளக்கம் கேட்பார்கள். அவளே "தனியார் வேலை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த இடத்தில் "டிரைவர்" என்று தைரியமாக எழுதினார்கள். குடிக்காமல் இருக்கிற அப்பாவின் வேலையைத்தான் எழுத முடியவில்லை. "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஊர் சொல்கிறது. எனக்கு விடிந்து பல வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என் பேச்சு பேச்சாகவில்லை.

2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள், எய்ம்ஸ் எடுத்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரும் எங்கே? எங்கள் தெருவில் இருக்கிறார்கள், உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். 2003ல் இருந்து தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடையையும் மாநில அரசே நடத்துகிறது. அங்கே விற்பவருக்குப் பதவிப் பெயர் இருக்கிறது, மேற்பார்வையாளர், விற்பனையாளர் என்று. அதே கடையில் வாங்கிக் குடித்து விழுந்தவனைத் தூக்கி உட்கார வைக்கிறவனுக்குப் பெயர் கிடையாது. அந்த 37 பேரையும் பார்க்க இருக்கிற மனநல மருத்துவர்கள் போதுமா? நீங்களே சொல்லுங்கள் டாக்டர். உங்கள் புறநோயாளி வரிசை எனக்குத் தெரியும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்கவே நீங்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் வந்தவரைச் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் உங்களுக்கு எதிரியா?

நிகழ்ச்சி நடத்தியவர்கள் நேற்று போன் செய்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு கல்லூரியில் "உங்கள் கண்ணீர்க் கதையை" வந்து சொல்ல வேண்டுமாம். சால்வை உண்டாம். வருகிறேன் என்றேன். ஆனால் கதை சொல்ல வரமாட்டேன். முதல் மூன்று நாள் அறிகுறிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பு எடுப்பேன், டாக்டருக்குக் கொடுக்கும் அதே தொகையை எனக்கும் கொடுக்க வேண்டும், அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே என் வேலையைப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

கமெண்டில் உதவி கேட்ட தங்கச்சிக்கு: 14446, போதை மீட்புக்கான அரசு உதவி எண், கட்டணம் இல்லை, கூப்பிடும்மா. அண்ணன் தினமும் குடிப்பவர் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதே, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அப்புறம் எனக்கு மெசேஜ் போடு.