இன்ஜின் வேலைக்கு அப்புறம் கியர் இடிச்சா கியர்பாக்ஸ் போச்சுன்னு அர்த்தமில்ல
ஒருத்தர் "ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்) மாத்தினப்புறம் ஆட்டோமேட்டிக் கியர் இடிக்குதுன்னா கியர்பாக்ஸ் அவுட், ஓவர்ஹால்தான்"னு அடிச்சு சொல்லியிருக்காரு, அது தப்புங்க. வேலைக்கு முன்னாடி நல்லா ஓடின பாக்ஸ் அதே வாரம் தானா சாகுறது ரொம்ப அபூர்வம், கை வச்ச இடத்தைத்தான் முதல்ல பாக்கணும்.

பேட்டரி கழட்டினா நிறைய வண்டில கம்ப்யூட்டர் பழகி வச்சிருந்த ஷிஃப்ட் கணக்கு அழிஞ்சிடும், அது திரும்ப பழகுற வரைக்கும் கொஞ்ச நாள் இடிக்கும். ஏர் ஹோஸ் சரியா மாட்டாம விட்டாலோ சென்சார் கனெக்டர் லூசா இருந்தாலோ இன்ஜின் லோடு கணக்கு கம்ப்யூட்டருக்கு தப்பா போகும், லோடு தப்புன்னா கியர்பாக்ஸ் ஆயில் பிரஷரும் தப்பு. எர்த் வயர், இன்ஜின் மவுண்ட் (இன்ஜினை வண்டியோட பிடிச்சு வைக்கிற பிடி) போல்ட் ரெண்டும் மெக்கானிக் மறக்குற ஐட்டம் (எனக்கே நடந்திருக்கு, ஒரே ஒரு போல்ட்டுக்கு ரெண்டு வாரம் அலைஞ்சேன்).

பழைய டொயோட்டா ஏ340 மாதிரி பாக்ஸ்ல த்ராட்டில்ல (ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா திறக்குற காத்து வால்வு) இருந்து ஒரு கேபிள் வரும், அந்த ஆயில் பிரஷரை அதுதான் தீர்மானிக்கும். டைட்டா இருந்தா இடிச்சு மாறும், லூசா இருந்தா வழுக்கும், லூசா வச்சே ஓட்டினா அப்பதான் பாக்ஸுக்குள்ள இருக்குற கிளட்ச் பிளேட் நிஜமாவே கருகும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், இன்ஜினையே இறக்கி ஏத்தும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுத்துறதை ஆயில் மூலமா பாக்ஸுக்கு கடத்துற பாகம்) முழுசா உள்ள உக்காராம போல்ட் முறுக்கியிருந்தா ஆயில் பம்ப் உடையும், அதுக்கு பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். மத்தபடி முதல்ல ஸ்கேனர் போட்டு எரர் கோடு பாருங்க, கியர்பாக்ஸ் ஆயில் அளவை சூடா இருக்கும்போது பாருங்க.