தோற்றால் பெட்ராஸ், ஜெயித்தால் டிஃபென்ஸா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களிடம் ஐயோவா பல்கலைக்கழக அணி என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நமட்டுச் சிரிப்பு வரும்: புள்ளி எடுக்கவே தெரியாத அணி, எல்லாம் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஸ்பென்சர் பெட்ராஸால் வந்தது என்று. 2022 செப்டம்பர் 3, ஐயோவாவின் சொந்த மைதானமான கின்னிக் ஸ்டேடியம். சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தார்கள். சரி, ஒரு டச்டவுனாவது (எதிரணியின் எண்டு ஸோன், அதாவது மைதானக் கடைசிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுவும் இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு 3. மீதி 4 புள்ளி டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கிற வீரர்கள்) எடுத்துக்கொடுத்த இரண்டு சேஃப்டி, அதாவது பந்து வைத்திருப்பவனை அவன் எண்டு ஸோனுக்குள்ளேயே மடக்கினால் கிடைக்கிற 2 புள்ளி. பண்ட்டர் (அணி முன்னேற முடியாதபோது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிடுபவர்) டோரி டெய்லர் 10 தடவை பந்தை உதைத்தார். என்னைக் கேட்டால் அன்றைய ஆட்ட நாயகன் அவர்தான்.

பெட்ராஸ் எறிந்த 25 பாஸில் 11 மட்டும் கைக்குப் போனது. சொந்த மைதானத்து ரசிகர்களே ஊளையிட்டார்கள். சீசன் முழுக்க 5 டச்டவுன் பாஸ், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). அவர் நன்றாக ஆடினார் என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் மொத்தப் பழியையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

அஃபென்ஸை, அதாவது பந்தை முன்னேற்றுகிற பக்கத்தை, நடத்தியது யார்? பிரையன் ஃபெரன்ட்ஸ். தலைமைக் கோச் கிர்க் ஃபெரன்ட்ஸின் மகன். அப்பாவுக்குக் கீழே மகன் வேலை பார்க்கக் கூடாது என்பதால், காகிதத்தில் மட்டும் அவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவரான அத்லெடிக் டைரக்டருக்குக் கீழே இருந்தார். (யாரை ஏமாற்ற?) 2023 பிப்ரவரியில் அவர் ஒப்பந்தத்தையே மாற்றினார்கள்: மேட்சுக்குச் சராசரி 25 புள்ளி, 7 வெற்றி என்று இலக்கு. அந்த 25-இல் டிஃபென்ஸ் அடிக்கிற புள்ளியும் சேர்த்தி! அஃபென்ஸ் கோச்சுக்கு இப்படி ஒரு சலுகை வேறெங்கே கிடைக்கும்?

குவாட்டர்பேக்தான் கோளாறு என்றால் ஆளை மாற்றினால் சரியாகியிருக்க வேண்டும். மாற்றினார்களே! 2021-இல் பிக் டென் (ஐயோவா ஆடுகிற கல்லூரி லீக்) ஃபைனலில் இதே ஐயோவாவை 42-3 என்று நொறுக்கிய மிச்சிகன் குவாட்டர்பேக் கேட் மெக்நமாராவையே கொண்டுவந்தார்கள். 2023-இல் முழங்கால் போவதற்கு முன்பும் அவர் இங்கே ஜொலிக்கவில்லை. பிறகு டீக்கன் ஹில் வந்தார், இன்னும் மோசம். அந்த சீசனில் பந்தை முன்னேற்றிய யார்ட் கணக்கில் நாட்டிலேயே கடைசி இடம். டிஃபென்ஸ் தயவில் 10 மேட்ச் ஜெயித்து பிக் டென் ஃபைனல் வரை போய், அங்கே மிச்சிகனிடம் 26-0 என்று தோற்றார்கள்.

மூன்று பேர், மூன்று விதமான கை. மாறாமல் இருந்தது பிளே கூப்பிட்டவர், அதாவது அடுத்து என்ன ஆடுவது என்று முடிவுசெய்த பிரையன் ஒருவர்தான். முன்னால் நின்று காக்கிற லைன் தாங்காமல், மூச்சுவிட நேரமில்லாமல் எறிகிறவன் எவனாக இருந்தால் என்ன?

2024-இல் பிரையனுக்குப் பதில் டிம் லெஸ்டர் அஃபென்ஸ் பொறுப்புக்கு வந்ததும் சராசரி 25-ஐத் தாண்டியது. பாஸிங் அப்போதும் சுமார்தான், கேலப் ஜான்சன் பந்தோடு ஓடியே கரையேற்றினார். ஆனால் ஜான்சன் 2022-இலிருந்தே அதே அணியில் இருந்தவர்தானே?

அதே 2024-இல் பெட்ராஸ் யூட்டா ஸ்டேட்டுக்குப் போய், ஐயோவாவில் எந்த சீசனிலும் எறியாத அளவுக்கு டச்டவுன் எறிந்தார். யூட்டா ஸ்டேட் அப்போது ஆடிய மவுண்டன் வெஸ்ட் லீக்கில் டிஃபென்ஸ் லேசானது என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 7-3 மேட்சில் எதிரே நின்றது அதற்கும் கீழ்ப் பிரிவு அணி ஐயா!