சி.டி. நார்மல்தான், அதுக்கு இப்போ என்ன?

இரண்டு நாளாக அந்த ரீல்ஸை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "காய்ச்சலோட வந்த சின்னப் பொண்ணுக்குக் கை கால் வரலைன்னா ஒரு சி.டி. ஸ்கேன் போதும், கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எல்லாம் பணம் பிடுங்குற வேலை" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, அதேதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு நாலு கைதட்டல் வைத்தவர் என் சித்தப்பா. இல்லையென்றால் நான் பாட்டுக்குக் கடந்து போயிருப்பேன்.

சின்ன வயதில் பக்கவாதம், கூடவே பல நாள் காய்ச்சல், தலைவலி என்றால், சி.டி. நார்மல் என்பதோடு விஷயம் முடியாது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

என் தம்பிக்கு அப்போது 27 வயது. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். ஒருநாள் காலையில் தோசையைப் பிய்க்க வலது கை வரவில்லை. சட்னியில் விரலை வைத்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து அம்மா ஒரு அதட்டல் போட்டார். தூக்கிக்கொண்டு போன இடத்தில் சி.டி. எடுத்தார்கள். நார்மல். "டென்ஷனா இருக்கும், நல்லா தூங்கச் சொல்லுங்க." மூன்றாம் நாள் வாய் கோணிவிட்டது.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம், புதிதாக ரத்தம் போகாமல் போன இடத்தை வெள்ளையாகக் காட்டும். அதில் மூளையின் ஆழத்தில், இடதுபக்கம், வெள்ளையாக ஒரு பொட்டு. கான்ட்ராஸ்ட் என்கிற மருந்தை நரம்பில் ஏற்றிய பிறகு எடுத்ததில் மூளையின் அடிப்பக்கம் பிசினை அப்பியது போல வெளுத்துக் கிடந்தது. ரத்தக்குழாயின் சுவரை மட்டும் பார்க்க ஒரு படம் இருக்கிறது. அதில் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் சுவர் தடித்து மின்னியது. கொழுப்பு படிந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தடிக்குமாம். சுற்றிலும் என்றால் வேறு எதையோ தேட வேண்டும். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். டி.பி.

நுரையீரலில் இல்லை, மூளையுறையில். அங்கே வந்தால் மூளையின் அடியில் கசடு சேர்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் அதற்குள்ளேயேதான் போகின்றன. அவற்றிலிருந்து உள்ளே கிளம்பும் நூல் மாதிரியான கிளைகள் வீங்கி அடைத்துக்கொள்கின்றன. வழக்கமான பக்கவாதம் என்று நினைத்து ஆஸ்பிரினை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் கிருமி என்ன செய்திருக்கும்? அவனுக்கு டி.பி. மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள்.

டி.பி. மட்டும் இல்லை. அக்கி வந்து போன சில வாரங்களில்கூட மூளை ரத்தக்குழாய் பாதிக்கப்படலாம். இதய வால்வில் கிருமி தொற்றினால் அங்கிருந்து துணுக்கு பிய்ந்து மேலே போய் அடைக்கும். பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போடும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறதே, அதை இப்படி வால்வில் தொற்று உள்ளவர்களுக்குப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து, அதனால் போடுவதில்லை. காரணம் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்பதைக்கூட நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சரி, வருவீர்கள். "எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?" எல்லாருக்கும் என்று யார் சொன்னது? "கதிர்வீச்சு!" எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது ஐயா, அது நீங்கள் புகழும் அந்த சி.டி.யில்தான் இருக்கிறது. "கமிஷனுக்காக ஸ்கேன் எழுதுகிறார்கள்." எழுதுகிறார்கள்தான், தெரியும். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனபோது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கமிஷன் வாங்குபவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அதற்காக அந்தப் பெண்ணுக்கு வேண்டிய ஸ்கேனை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

அப்புறம், அந்தச் சமயத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் இருக்கிறது. "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுத்தானா?" "கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" இரண்டாவது கேள்வி சித்தப்பாவுடையது. ஐ.சி.யு. வாசலில், அம்மா காதில் விழுகிற மாதிரி. டி.பி. என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டான், ஒருநாள் விடாமல். ஹார்லிக்ஸ் பாட்டிலோடுகூட யாரும் வரவில்லை. இப்போது நடக்கிறான், பேசுகிறான். வலது கையில் மட்டும் பேனா நிற்பதில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்ட செக்கை, ஒத்துப்போகவில்லை என்று போன மாதம் பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் சி.டி.யோடு நிறுத்தாமல் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் என்று நான் கணக்குப் போடாத ராத்திரி இல்லை.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த ரீல்ஸைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். தம்பியும் அதே குழுவில்தான் இருக்கிறான்.