பூர்வகுடி என்றால் எந்த நிறம்?

ஒருவனுடைய நிலத்தைப் பிடுங்க வேண்டுமா? முதலில் அவன் அந்த ஊர்க்காரனே இல்லை என்று எழுதிவைக்க வேண்டும். கரீபியக் கடலில் ஆங்கிலேயக் கரும்புத் தோட்ட முதலாளிகள் இதைத்தான் செய்தார்கள். கரிஃபுனா மக்களின் வரலாற்றில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இந்த வாதம்தான். அவர்களுடைய போர் எப்போதோ முடிந்துவிட்டது, வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

செயின்ட் வின்சென்ட் தீவில், ஐரோப்பியர்கள் 'கரீபுகள்' என்று அழைத்த கலினாகோ பூர்வகுடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவானவர்கள் கரிஃபுனாக்கள். அடிமைக் கப்பல் உடைந்து, தப்பிய ஆப்பிரிக்கர்கள் கரையேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 'எங்கள் முன்னோர் ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை' என்று கரிஃபுனாக்களே பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு வழி. கிழக்கே பார்படோஸ், அங்கே கரும்புத் தோட்டமும் சவுக்கடியும். அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். ஒரு படகு கிடைத்தால் போதும், காற்றே இந்தத் தீவில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்படித் தப்பி வந்தவர்களும் உண்டு. கப்பல் உடைந்ததால் கிடைத்த விடுதலையைவிட, உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்து எடுத்துக்கொண்ட விடுதலை எந்த வகையில் மட்டம்?

1763-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி தீவு பிரிட்டனுக்குப் போனது. கரும்புக்குத் தோதான நல்ல நிலமோ கரிஃபுனாக்களிடம் இருந்தது. சண்டை வந்தது, 1773-இல் ஒப்பந்தமும் வந்தது. அப்புறம்தான் நிறக் கணக்கு சூடுபிடித்தது. 'இவர்கள் கறுப்புக் கரீபுகள், வந்தேறிகள். சிவந்த நிறத்தவர்களே நிஜமான கரீபுகள், இவர்கள் அவர்களுடைய மண்ணைப் பிடுங்கிக்கொண்டவர்கள்' என்று ஒரு புத்தகமே போட்டார் வில்லியம் யங். அவர் தோட்ட முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை. புத்தகம் வந்த ஆண்டு 1795. அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி கரிஃபுனாத் தலைவர் ஜோசப் சட்டோயர் போரில் கொல்லப்பட்டார். இன்று அவர் அந்த நாட்டின் தேசிய வீரர்.

1796-இல் தோற்றுச் சரணடைந்தவர்களை, நல்ல தண்ணீர்கூட இல்லாத பலிசோ என்ற குட்டித் தீவில் அடைத்தார்கள். நோயிலும் பட்டினியிலும் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள். அவர்களில் வெளுத்த தோல்காரர்களைச் செயின்ட் வின்சென்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மீதி சுமார் 2,000 பேரைக் கப்பலில் ஏற்றி, 1797 ஏப்ரலில் மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸுக்கு அருகிலுள்ள ரோவத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். புத்தகத்தில் எழுதிய பிரிவினையைத் தோலைப் பார்த்தே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

காலியான மண்ணில் கரும்பு ஏறியது. அடிமை முறை ஒழிந்து ஆள் தட்டுப்பாடு வந்தபோது, 1861-இல் 'திருவாங்கூர்' என்ற கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அதே தீவுக்குக் கொண்டுபோனார்கள். நம்மவர்கள் போன தோட்டங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த நிலம் யாரைத் துரத்திவிட்டுத் தோட்டமானது என்று கேட்பது குறைவு.

துரத்தப்பட்ட கரிஃபுனாக்கள் ரோவத்தானிலிருந்து ஹோண்டுராஸ், பெலிஸ், குவாத்தமாலா, நிகரகுவா கரைகளில் பரவினார்கள். அவர்கள் வைத்திருப்பதைப் பாருங்கள். பேச்சு அரவாக் குடும்பத்து மொழி. அதாவது தென் அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழி. நான்கிலிருந்து மேலே எண்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்கச் சொற்கள் மிகக் குறைவு. சாப்பாடு எரெபா: விஷச்சாறுள்ள கசப்பு மரவள்ளியைத் துருவி, பாம்பு போல நீளமாகப் பின்னிய ருகுமா என்ற கூடையில் திணித்துப் பிழிந்து, மாவைச் சலித்துச் சுடும் மெல்லிய ரொட்டி. அதுவும் பூர்வகுடிகளின் கைவேலைதான். ஆனால் மேளத்தைக் கேட்டால் மேற்கு ஆப்பிரிக்கா. முன்னோருக்காக நாள்கணக்கில் நடக்கும் துகு சடங்கில் இரண்டும் சேர்ந்துவிடும். அதற்காக நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்கள்கூட ஊருக்கு வருகிறார்கள். இதில் எவ்வளவு சதவீதம் எந்த ரத்தம் என்று கேட்பவரிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

2001-இல் யுனெஸ்கோ இவர்களுடைய மொழி, நடனம், இசையை மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பாட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் நிலம் என்றதும் தொண்டையைச் செருமுகிறார்கள். ஹோண்டுராஸில் தேலா அருகே திரியுன்ஃபோ தெ லா குரூஸ் என்ற கரிஃபுனா ஊரின் நிலம் சுற்றுலாத் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கைமாறியது பற்றிய வழக்கு, அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அங்கே அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இவர்கள் பூர்வகுடிகள் அல்ல என்று! ஆங்கிலேயன் துரத்திய இடத்திலும் வந்தேறி, வந்து சேர்ந்த இடத்திலும் வந்தேறி. நல்லவேளை, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2015-இல் அந்த ஊரின் கூட்டு நில உரிமையை உறுதி செய்து தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்ததே தவிர, அதை முழுதாக அமல்படுத்த அரசுக்கு மனம் வரவில்லை. 2020 ஜூலையில், போலீஸ் உடையில் வந்த ஆயுதக் கும்பல் அந்த ஊரின் தலைவர் உட்பட நான்கு கரிஃபுனா இளைஞர்களைத் தூக்கிக்கொண்டு போனது. ஓஃப்ரானே என்ற கரிஃபுனா அமைப்பு அப்போதிலிருந்து 'உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.