ஹெட்டை இறக்கச் சொன்னார்கள், கெட்டுப்போயிருந்தது ஒரு ஸ்விட்ச்

போன மே மாதம், மதியம் ஒன்றரை மணி, சென்னை பல்லாவரம் சிக்னல். ஜி.எஸ்.டி. ரோட்டில் எதுவும் நகரவில்லை, என் வண்டியின் டெம்பரேச்சர் முள் மட்டும் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். அந்த வெயிலில் முகத்தில் அனல் அடித்தது, ஆனாலும் முள் கொஞ்சம் இறங்கியது. (ஹீட்டர் என்பது இன்ஜின் சூட்டை வண்டிக்குள் கொண்டுவரும் இன்னொரு குட்டி ரேடியேட்டர்தான். ஆத்திர அவசரத்துக்கு இது உங்களுக்கும் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அப்படியே ஊர்ந்து வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மெக்கானிக்கின் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?"

"வண்டி என்னோடதுதான், என்கிட்டயே சொல்லுங்க."

பானெட்டைத் திறந்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், மூடினார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும். பதினெட்டாயிரம் ஆகும், நாலு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும்." கூடவே, "இந்தக் காலத்துல இதை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று ஒரு அறிவுரை. (ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி, ஹெட் கேஸ்கெட் அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கிற தகடு. அதை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும்.)

என்னுடையது 1999 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பழைய ஏற்பாடு), மூன்று சிலிண்டர், 796 சி.சி. 2012இல் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிகாரியிடம் அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதில்தான். அப்பாவைக் கடைசி ஒரு வருஷம் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை கூட்டிப்போனதும் இதில்தான். அதனால் வைத்திருக்கிறேன்.

வண்டியை அங்கே விடவில்லை. இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, வெயில் தாழ்ந்த பிறகு சேலையூரில் இருக்கிற வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் முள் ஒழுங்காக இருந்தது. அதிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். ஓடும்போது சரி, நின்றால் சூடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது விசிறியை. அதுவே ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வு), வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் போக வேண்டும். கேஸ்கெட் போயிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. வெளியே எங்கும் ஒழுகாமலேயே தண்ணீர் குறையும், ஆயில் மூடியின் உள்பக்கம் காபியில் ஆடை படிந்த மாதிரி இருக்கும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ரேடியேட்டரில் குமிழி குமிழியாகக் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது.

பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து விசிறி மோட்டாருக்கு நேராகக் கொடுத்தேன். சர்ரென்று சுற்றியது. ஃபியூஸும் நன்றாக இருந்தது. மீதி இருந்தது தெர்மோ ஸ்விட்ச், அதாவது தண்ணீர் இவ்வளவு சூடானால் விசிறியைப் போடு என்று சொல்கிற சின்னப் பித்தளைச் சாமான். அதைக் கழற்றி, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, மின்சாரம் போகிறதா என்று பார்க்கிற மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் பிடித்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, மீட்டர் மூச்சு விடவில்லை. மறுநாள் வாங்கிய புது ஸ்விட்சை அதே பாத்திரத்தில் தொங்கவிட்டால், தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே "பீப்" என்றது. மகள் பக்கத்தில் நின்று கைதட்டினாள். ஸ்விட்ச் 380 ரூபாய். கூலண்ட் (ரேடியேட்டரில் ஊற்றுகிற குளிர்விக்கும் திரவம்) புதிதாக ஊற்றி, காற்றுக் குமிழி போகும் வரை இன்ஜினை ஓடவிட்டு மூடினேன். ஒரு வருஷம் ஆகிறது, அந்த முள் பாதியைத் தாண்டவே இல்லை.

அந்த மெக்கானிக்கைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் முன்னால் ஒரு நாளைக்குப் பத்து வண்டி நிற்கிறது. என் வண்டியோடு அவருக்குப் பழக்கம் ஒரே ஒரு நிமிஷம். எனக்குப் பதின்மூன்று வருஷம். எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை, காலையில் ஸ்டார்ட் ஆக எத்தனை தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கிறது, எந்த வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் பழுதைத் தேடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கழற்றி மாட்டுவது சுலபம், வீடியோ பார்த்தால் வந்துவிடும். எதைக் கழற்றுவது என்பதில்தான் பணமும் போகிறது, வண்டியும் பாழாகிறது. எங்கள் ஏரியாவில் நான் வழக்கமாகப் போகிற மெக்கானிக் அண்ணா ஒருத்தர் இருக்கிறார், அவர் ஆரம்பத்தில் என்னிடம் சொன்னது இது: "எப்போ வருது, எப்போ வரலைன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்." அந்த நோட்டு இன்றைக்கும் டேஷ்போர்டில் இருக்கிறது.

இப்போது இருக்கிற பெரிய தலைவலி பெட்ரோல். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தது 2023இல், இப்போது பங்கில் கிடைப்பதே அதுதான். எங்கள் மாதிரி வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் இப்படி ஒரு பெட்ரோலை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பழைய வண்டிகளில் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. என் வண்டியில் காலையில் லேசாகப் பெட்ரோல் வாசம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார். அப்படி இல்லை. பெட்ரோல் ஹோஸைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன், குதிகாலில் பித்தவெடிப்பு வந்தது மாதிரி வரிவரியாகப் பிளந்திருந்தது. நேராக இருக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை, வளைத்தால்தான் வாய் திறக்கிறது. சூடான இன்ஜின் பக்கத்தில் அது சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மீட்டர் கணக்கில் பெட்ரோல் ஹோஸ் வாங்கி, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்றினேன், கிளிப்புகளையும் சேர்த்து. தண்ணீருக்குப் போடுகிற ஹோஸை இதற்குப் போடவே கூடாது, கடையில் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இந்த வாரமே பானெட்டைத் திறந்து அந்த ஹோஸை ஒரு தடவை வளைத்துப் பாருங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய அந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது அப்படியே ஆவியாகப் பீறிட்டு முகத்துக்கு வரும். என் சித்தப்பாவின் கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அதே மாதிரி, தாம்பரம் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். நம் வீட்டு ஹீட்டர் காயிலில் படிகிற வெள்ளை உப்புதான் உள்ளேயும் படியும்.

பிரேக் பற்றிக் கேட்பீர்கள். முன் சக்கர பேடுகளை (சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டைகள்) நானே மாற்றுகிறேன். முதல் தடவை கழற்றியபோது உள்பக்கப் பேடு தேய்ந்து இரும்பே தெரிந்தது, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பேடுகளைப் பிடித்திருக்கிற காலிப்பர் நகர்வதற்காக இருக்கிற இரண்டு பின்களில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்ததுதான் காரணம். வெறும் பேடை மட்டும் மாற்றிவிட்டு மூடியிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி இதே கதைதான். பின்னைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கிற கிரீஸ் போட்டு, விரலால் தள்ளினாலே நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதுப் பேடு உள்ளே போனது. பேடை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியும், அது பட்ட இடத்தில் பெயிண்ட் போய்விடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். அது தெரியாமல் கேட்டுக்கு வெளியே எடுத்தால் எதிரே நிற்பது யாராகவும் இருக்கலாம். இவ்வளவு செய்தும், அன்றைக்கே மெக்கானிக் அண்ணாவிடம் காட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான். ஸ்டியரிங்கிலும், பெடல் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டரிலும் நான் கை வைப்பதில்லை. ரோட்டில் என்னோடு வேறு மனிதர்களும் போகிறார்கள்.

இன்னொன்றைக் கோபமாகவே சொல்கிறேன். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். செங்கல் முன்னறிவிப்பு கொடுத்து விரிசல் விடாது, ஒரே நொடியில் நொறுங்கும். மாருதி 800 சின்ன வண்டிதான், ஆனால் 650 கிலோ. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஆக்ஸில் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள், சமதளத்தில் நிறுத்தி மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். அது வாங்கக் காசில்லை என்றால் அடியில் போகிற வேலையே வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சாமான் கிடைப்பது தனிக் கதை. மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதால் சென்னையில் உதிரி பாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் இன்னும் பெரும்பாலானவை கிடைக்கின்றன, கிடைக்காததற்குப் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டை. ஆனால் அசல் எது, அசல் மாதிரி அட்டைப்பெட்டி அடித்தது எது என்று கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், எடை போட்டுப் பாருங்கள், விளிம்புகளைத் தடவிப் பாருங்கள்.

பாகம் வாங்கிப் பழுது பார்ப்பதில் நமக்கு உரிமை இல்லாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அசல் உதிரி பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும், மேனுவல்களையும் வெளியில் இருக்கிற மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்காக. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. என் வண்டிக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்பேனரும் மீட்டரும் போதும். இன்றைக்குப் பத்து லட்சம் கொடுத்து வாங்குகிறவர்கள் பதினைந்து வருஷம் கழித்து என்ன செய்வார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற சாவியே அவர்கள் கையில் இருக்காது.

அரசாங்கமும் வண்டியின் பிறந்த வருஷத்தைத்தான் முதலில் பார்க்கிறது. 2019இல் என் ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாய். 2024இல் 5,000. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு இப்போது 10,000 ஆக்கியிருக்கிறார்கள், ஆக 2029இல் எனக்கு அது காத்திருக்கிறது. புகை கெடுதல்தான், அதில் எனக்கு வாதமே இல்லை, புகைச் சோதனையில் தேறாத வண்டி புதுசோ பழசோ ரோட்டுக்கு வரக் கூடாது. கடுமையாகச் சோதியுங்கள், பிரேக்கைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், அடியில் துரு எவ்வளவு என்று தட்டிப் பாருங்கள். அதையெல்லாம் தாண்டி வருகிற வண்டிக்கு வயதுக்காக மட்டும் ஏன் இத்தனை மடங்கு கட்டணம்? வாரக் கடைசியில் கையில் கிரீஸோடு வண்டியைப் பராமரிப்பவரும், ஆயில் மாற்றாமலே மூன்று வருஷம் ஓட்டுகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.

சரி, கடைசியாக ஒரு உதவி. என் வண்டியின் சோக் கேபிள் (ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, கலவையில் பெட்ரோலைக் கூட்டுவதற்கு இழுக்கிற கம்பி) உறை கிழிந்து உள்கம்பி சிக்குகிறது, மழைக்காலக் காலைகளில் ஸ்டார்ட் செய்யப் பாடாக இருக்கிறது. ஜி.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், கொடுத்த இரண்டுமே நீளம் குறைவு. கார்புரேட்டர் மாடலுக்கான சரியான சோக் கேபிள் யாரிடமாவது இருந்தாலோ, கிடைக்கிற கடை தெரிந்தாலோ சொல்லுங்கள். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, உள்கம்பி அறுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.